ஜெர்மனியில் ஓநாய்களுக்கான சட்டப் பாதுகாப்பு

ஜெர்மனிக்குத் திரும்பிவந்த சாம்பல் ஓநாய்களைக் காக்க ஏற்பட்ட சட்டங்களும் நடைமுறைகளும் இச்சட்டப் பாதுகாப்பில் அடங்கும். தொடர்ந்த வேட்டையால் 19ஆம் நூற்றாண்டில் இவ்விலங்கு அந்நாட்டில் ஏறத்தாழ அற்றுப்போயிருந்தது. 1990இல் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் இணைந்த பின் நாடு முழுவதும் அது பாதுகாக்கப்பட்ட விலங்கானது. போலந்திலிருந்து எல்லை கடந்து வந்த ஓநாய்கள் 2000இல் சாக்சனி மாநிலத்தின் இராணுவப் பயிற்சி நிலமொன்றில் குட்டி ஈன்றன.

இப்பாதுகாப்புக்கு, ஐரோப்பியக் காட்டுயிர்களைக் காக்கும் 1979ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட நெறியாணையும் அடிப்படை. ஓநாயைக் கொல்வதும் பிடிப்பதும், அது குட்டி ஈனும் இடங்களை அழிப்பதும் இவற்றால் விலக்கப்பட்டன. கால்நடைகளுக்குப் பெருஞ்சேதம் நேரும்போது, வேறு தகுந்த வழி இல்லையெனில், ஓநாய் இனத்தின் நிலை குன்றாதபடி சுடுவதற்கு விதிவிலக்கு உண்டு. மின்வேலி, காவல் நாய்கள் ஆகியவற்றுக்கான உதவித்தொகையையும், பலியான ஆடுகளுக்கான இழப்பீட்டையும் மாநில அரசுகள் வழங்குகின்றன. மேய்ப்பர்களின் வாழ்வாதாரம் காக்கப்பட்டால்தான் ஓநாயின் பாதுகாப்பும் நிலைக்கும்.

2024 டிசம்பரில் பெர்ன் உடன்படிக்கையின் நிலைக்குழு ஓநாயைக் 'கடும் பாதுகாப்பு' பட்டியலிலிருந்து 'பாதுகாப்பு' பட்டியலுக்கு மாற்றியது. இம்மாற்றம் 2025 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டில் வாழிட நெறியாணையும் திருத்தப்பட்டது. இதனால் வேட்டையை அனுமதிப்பதில் ஒன்றிய உறுப்பு நாடுகளின் அதிகாரம் விரிந்தது. எனினும் ஓநாய்களின் எண்ணிக்கையை நல்ல நிலையில் பேணும் கடமை அந்நாடுகளுக்குத் தொடர்கிறது. விரும்பும் நாடு கடும் பாதுகாப்பையே நீட்டிக்கலாம்.