ஏடு சொல்லாமல் விட்டது: தமிழ் வாசிப்பில் மனப்பாடத்தின் இடம்

மனப்பாடம் வேறு, புரிந்து படிப்பது வேறு என்பது இன்று பெரும்பாலும் கேள்விக்கு அப்பாற்பட்ட நம்பிக்கையாகிவிட்டது. தளவாய்புரத்திலோ ராஜபாளையத்திலோ ஒரு பள்ளியில் மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கும் மாணவன் அதை மதிப்பெண்ணுக்காகவே ஒப்பிக்கிறான். தேர்வு முடிந்ததும் மறந்துவிடலாம் என்பதை ஆசிரியரும் அறிவார். ஆனால் இந்தப் பிரிவினைக்கு வயது அதிகமில்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் நினைவு என்பது வாசிப்புக்குத் துணையாக நின்றதோடு அமையவில்லை. வாசிப்பின் பாதி வேலையையே அது செய்தது. அச்சு வந்தபின் அந்த வேலையின் தன்மை மாறியது. தேவை மட்டும் ஒழியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழைய ஏடொன்றைக் கையில் எடுத்தால் இது எளிதில் விளங்கும். அதில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. அடி பிரித்து எழுதும் வழக்கமும் அரிது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும், எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்பதால் எழுதுவோர் அதை விட்டுவிட்டனர் என்பர். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு இல்லை. நெடிலுக்கான காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். ஆகவே கொம்பு, ககரம், கால், ளகரம் என்று நான்கு குறிகள் வரிசையாக நின்றால் அது கொள், கோள், கொள, கேரள ஆகிய எதுவாகவும் இருக்கலாம். எது என்று தீர்ப்பது கண் அல்ல. அந்த இடத்தில் எதுகை என்ன கேட்கிறது, சீர் எங்கே முடிகிறது, இந்தத் தொடர் வேறு எந்த நூலில் வந்திருக்கிறது என்பவற்றை முன்பே நெஞ்சில் வைத்திருப்பவரால்தான் அந்த வரியைப் படிக்கவே முடியும். அகராதியை எட்டி எடுக்க வசதியில்லாத காலத்தில் நிகண்டைப் பாட்டாகவே மனப்பாடம் செய்தது ஏன் என்பதும் இதனால் தெளிவாகும்.

மனப்பாடமும் பொருளும் சேர்ந்தே நின்றன என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நல்ல சான்று. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த இந்த ஊரின் பாசுரங்கள் உட்பட நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தையும் நாதமுனிகள் தொகுத்துத் தம் மருமக்கள் இருவருக்கு இசையோடு பயிற்றினார் என்பது வைணவ மரபு. அவர்கள் வழியில் வந்ததாகக் கருதப்படும் அரையர் சேவை இன்றும் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்களில் நடக்கிறது. அரையர் குல்லாய் அணிந்து, கையில் தாளம் பிடித்து, பாசுரத்தை முதலில் இசைக்கிறார், பிறகு அபிநயிக்கிறார், அதன்பின் ‘தம்பிரான்படி’ என்னும் வியாக்கியானத்தைச் சொல்கிறார். ஒலி, மெய்ப்பாடு, பொருள் என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. பொருள் கடைசியில் வருகிறது, ஆனால் வந்தே தீருகிறது. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை செய்த உரையில் பெரும்பகுதி அழிந்துபோக, தொலைந்த பகுதிக்கு மட்டும் மணவாள மாமுனிகள் புதிதாக உரை எழுதினார். ஏடு அழிந்தபோது பாசுரம் அழியாமல் நின்றதற்கு ஓதுவோரின் நெஞ்சும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

மனப்பாடத்துக்கு எதிரான வாதம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகள் இருப்பதாக 1826இல் பதிவு செய்தார். அந்த விசாரணைக்கு 1823இல் பதில் எழுதிய பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல், சிறுவர்கள் ஏராளமான செய்யுள்களை ஒப்பிக்கிறார்கள், ஆனால் பொருளைப் பொறுத்தவரை கிளிகளைப் போலத்தான் இருக்கிறார்கள் என்று குறைப்பட்டார். அவர் பார்த்தது தெலுங்கு, கன்னடப் பள்ளிகளை என்றாலும், தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகள் மீதும் இதே பழி பின்னால் விழுந்தது. பழியில் உண்மை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குறையைத் தமிழ் மரபு அறியாமல் இருந்தது என்பதுதான் தவறு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அன்னத்தையும் பசுவையும் முதலில் வைத்து, கிளியை இடைத்தரத்தில் வைத்தார். சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்வது முழுக் கல்வி ஆகாது என்பது கேம்ப்பெல்லுக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அதே நன்னூல், பாடத்தைப் போற்றுவதோடு கேட்டதை நினைத்துப் பார்ப்பதையும் வினவுவதையும் வினாவுக்கு விடை சொல்வதையும் கற்போர் கடமையாக்குகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகினால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துரைத்தால்தான் மீதி அரை என்று கணக்கே போட்டுத் தருகிறது. திண்ணைப் பள்ளிகளின் கணக்குப் பயிற்சியை ஆராய்ந்த செந்தில் பாபுவும், எண் வாய்பாடுகளின் தொகுப்பான எண்சுவடியை மனத்தில் ஏற்றியது சிக்கல்களைத் தீர்க்கும் கருவியாகவே பயன்பட்டது என்று காட்டியிருக்கிறார்.

நினைவு புரிதலுக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் அனுபவத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் பாடங்கேட்டவர் அவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, அவ்வளவு கற்ற அவருக்கும் அந்த நூல் பிடிபடவில்லை. தமிழ் தெரியாததால் அல்ல; அந்த நூல் எதிர்பார்க்கும் நினைவு அவரிடம் இல்லாததால். அந்த நினைவு கும்பகோணத்துச் சமணர்களிடம் இருந்தது. சிந்தாமணியைப் பக்தியோடு ஓதியும் கேட்டும் வந்த அவர்களிடம் போய்க் கேட்டறிந்தார். 1887இல் நூல் அச்சேறியது. முன்னறிவின் இந்த வலிமையை அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்னும் ஆய்வாளர்கள் 1988இல் சோதித்துக் காட்டினர். பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தபோது, வாசிப்புத் திறன் குறைந்திருந்தும் ஆட்டத்தை அறிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டனர்.

நினைவு ஏமாற்றவும் செய்யும் என்பது இன்னொரு மறுப்பு. உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்த ஆங்கிலேயர்கள் அதைத் திரும்பச் சொல்லும்போது தமக்குப் பழகிய கதையாகவே மாற்றிச் சொன்னார்கள். நம் ஏடுகளிலும் அருகிய சொல்லை நீக்கிப் பழகிய சொல்லை எழுதியவர்கள் உண்டு. பாடபேதங்களில் ஒரு பகுதி அப்படி வந்ததுதான். இதற்கு மருந்து நினைவைக் கைவிடுவதல்ல, பல ஏடுகளை ஒப்பிடுவது. சாமிநாதையர் செய்ததும் அதுவே. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: அந்த நினைவுச் செல்வம் யாருக்குக் கிடைத்தது என்பது. திண்ணைப் பள்ளியின் படியேற முடியாத சாதிகளுக்கும் பெரும்பாலான பெண்களுக்கும் அது மறுக்கப்பட்டது. இந்த அநீதிக்கு அச்சும் பொதுப்பள்ளியும் தந்த பதில் பெரிது. அதைக் குறைத்து மதிப்பிட்டு யாரும் பழமையைப் பாராட்டக் கூடாது.

அச்சு நினைவின் சில வேலைகளைத் தாளுக்கு மாற்றியது. எகர ஏகார வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டிலேயே வீரமாமுனிவர் வரிவடிவில் காட்டியிருந்தார். ஆறுமுக நாவலர் உரைநடையில் நிறுத்தக்குறிகளைப் பரப்பினார். சாமிநாதையரின் பதிப்புகளில் அடிக்குறிப்பும் அரும்பத அகராதியும் சேர்ந்தன. எழுத்தையும் சொல்லையும் அடையாளம் காண இனி மனப்பாடம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு வரி இன்னொரு வரியை நினைவூட்டுவதை எந்த அடிக்குறிப்பும் முழுதாகச் செய்துவிட முடியாது. அந்த வேலை இன்றும் படிப்பவர் நெஞ்சில்தான் நடக்கிறது. நம் தேர்வுமுறை செய்த கேடு மனப்பாடத்தை வைத்திருந்தது அல்ல. நன்னூல் சொன்ன முதல் காலை மட்டும் வைத்துக்கொண்டு முக்காலைக் கழித்தது. மார்கழியில் திருப்பாவை ஒப்பித்தல் போட்டி நடத்துவோரும், 1330 குறளையும் ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பழக்கும் ஆசிரியர்களும், ஒப்பித்து முடித்த பிள்ளையிடம் ஒரு பாட்டையாவது பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு விளக்கச் சொல்ல வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை அதற்கு ஒதுக்க வேண்டும்.