மிஸஸ் சேஸும் டம்மி பேஷண்டும்

போன ஞாயிறு அக்கா மகள் சுனாபட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறாள். லேப்டாப்பில் யாருக்கோ 102 டிகிரி காய்ச்சல் ஏற்றிக்கொண்டிருந்தாள்!

"டம்மி பேஷண்ட், மாமா. சார்ட் எழுதிப் பழகறோம்."

சிரிப்பு வந்தது. 2003-ல் நான் வங்கியில் சேர்ந்தபோது கோர் பேங்கிங் வந்துகொண்டிருந்தது. இல்லாத வாடிக்கையாளருக்கு இல்லாத பணத்தைப் போட்டு எடுத்துத்தான் நாங்களும் பழகினோம். (ஒரு சைபர் கூடிப்போய் ஒருவரைக் கோடீஸ்வரர் ஆக்கியதுண்டு.)

நர்சிங்கில் இந்த டம்மி ரொம்பப் பழைய சங்கதி. 1911-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்ஸ் பள்ளிக்கு மார்த்தா சேஸ் என்ற அம்மையார் ஆளுயரப் பொம்மை ஒன்று செய்து கொடுத்தார். அதற்கு 'மிஸஸ் சேஸ்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. தூக்க, திருப்பிப் படுக்க வைக்க எல்லாம் அதில்தான் பழக்கம். 1960-ல் வாயோடு வாய் வைத்து ஊதி மூச்சு கொடுக்கப் பழக, நார்வேயிலிருந்து 'ரெசஸி ஆன்' வந்தாள்.

எழுதப் பழக மட்டும் பொம்மை கிடையாது. வார்டுக் காகிதத்தில் மாணவி எழுதுவாள், சிஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கணினி வந்ததும்தான் சிக்கல். உண்மையான நோயாளியின் பதிவில் கற்றுக்குட்டியை எப்படி விடுவது? 2000-களின் தொடக்கத்தில் கான்சஸ் பல்கலைக்கழக நர்சிங் பள்ளி, செர்னர் நிறுவனத்தோடு சேர்ந்து, மருத்துவமனை மென்பொருளிலேயே கற்பனை நோயாளிகளை ஏற்றி மாணவர்களிடம் கொடுத்தது. 'சீட்ஸ்' என்று பெயர். 2009-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு ஊக்கத்தொகை கொடுக்க, மருத்துவமனைகள் வேகமாகக் கணினிக்கு மாறின. இங்கே இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் நர்சிங் இன்ஃபர்மேடிக்ஸ் தனிப் பாடமாகவே வந்துவிட்டது.

பாடம் சரி. வார்டில்?

"எங்களுக்கு லாகின் கிடையாது மாமா. சிஸ்டர் பிஸியா இருந்தா அவங்க பாஸ்வேர்டு சொல்லி, நீயே போட்டுடும்பாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வங்கியில் பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் விசாரணைதான். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். போன மாதம் 12-ம் கட்டில் பிரஷரை 14-ம் கட்டிலுக்குப் போட்டுவிட்டாளாம். மருந்தைக் கூட்ட இருந்த டாக்டர் சந்தேகப்பட்டு மறுபடி பார்த்ததால் பிழைத்தது. திட்டு வாங்கியது சிஸ்டர். பதிவில் இருந்தது அவர் பெயர்தானே!

"அதே தப்பை இதில் பண்ணு" என்றேன்.

பண்ணினாள், திருத்தினாள். பழைய எண் அழியவில்லை. குறுக்கே கோடு, பக்கத்தில் அவள் பெயர், மணி, நிமிடம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.