குளிர்கால மலை மிதிவண்டி உடை

வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்கும் நாட்களில் காட்டுத் தடங்களிலும் மலைச்சரிவுகளிலும் மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் உடைகளின் தொகுதி. இதைத் தனி வகையாக வைத்துப் பேசக் காரணம், ஒரே பயணத்தில் உடல் இரு வேறு நிலைகளுக்கு ஆளாவதுதான். மிதிப்பவர் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கே சக்கரத்துக்குச் சேர்கிறது, மீதி வெப்பமாகிவிடுகிறது. அரை மணி நேரம் ஏறினால் உள்ளாடை தொப்பலாக நனையும். உச்சியில் திரும்பி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது, 0 பாகை செல்சியஸ் காற்று முகத்தில் −7 பாகையாக உறைக்கும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், ஈரத் துணி உடற்சூட்டை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. ஆகவே இவ்வுடையின் முதல் பகை வியர்வை. குளிர் அதற்கு அடுத்தபடிதான்.

வரலாறு: விலங்கு உரோமமே உடம்புக்கு உகந்தது என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாதிட்டவர் ஜெர்மானிய விலங்கியலாளர் குஸ்தாவ் யேகர். அவருடைய கம்பளி உள்ளாடைகள் 1880களில் லண்டன் கடைகளுக்கு வந்தன. அக்கால மிதிவண்டிக்காரர்களின் உடையும் பெரும்பாலும் கம்பளியே. 1933இல் நார்வே இராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் மீன்வலையைக் கொண்டு உள்ளாடை தைத்தார். வலைக்கண்களில் தங்கும் காற்று சூட்டைக் காக்கும். ஈரமோ கண்கள் வழியே வெளியேறும். அலாஸ்கா முதல் ஸ்காண்டிநேவியா வரை இன்றும் விரும்பி அணியப்படும் வலைப் பனியனின் மூலம் இதுவே.

மலை மிதிவண்டி விளையாட்டு கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில் பிறந்தது. 1976இல் தொடங்கிய ‘ரீபேக்’ இறக்கப் பந்தயத்தில் ஓட்டியவர்கள் ஜீன்ஸ், தடித்த சட்டை, தொழிலாளர் பூட்ஸ், தோல் கையுறை ஆகியவற்றையே அணிந்தார்கள். விழுந்தால் தோல் உரியாமல் காத்தன, நனைந்தால் பயனற்றவை. அதே ஆண்டு கொலராடோவின் கிரெஸ்டட் பியூட்டிலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் உள்ள பேர்ல் கணவாயைக் கடந்தவர்களின் உடையும் இவ்வகையே. 1969இல் ராபர்ட் கோர் கண்ட நுண்துளைச் சவ்விலிருந்து, மழையைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விடும் கோர்டெக்ஸ் துணி வந்தது. 1979 வாக்கில் மால்டன் மில்ஸ் ஆலை செயற்கை இழையில் ஃபிளீஸ் என்னும் மென்துணியை உருவாக்கியது. இவ்விரண்டும் மலையேறிகளிடமிருந்தே மிதிவண்டிக்கு வந்தன.

இறக்கத்துக்கெனத் தனி உடை வேண்டும் என்ற பாடம் உறைத்தது ஒரு சாலைப் பந்தயத்தில். 1988 ஜூன் 5 அன்று இத்தாலியச் சுற்றுப்பந்தயம் 2,621 மீட்டர் உயர காவியா கணவாயைப் பனிப்பொழிவில் கடந்தது. அரைக்கைச் சட்டையோடு முதலில் உச்சி தொட்ட யோஹான் வான் டெர் வெல்டே, இறக்கத்தில் விறைத்து நின்று, முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். கம்பளித் தொப்பியும் நியோபிரீன் கையுறையும் அணிந்து இறங்கிய ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்று முன்னணி வீரருக்கான சட்டையைப் பெற்றார், பந்தயத்தையும் வென்றார்.

அடுக்குகள்: உடலை ஒட்டிய அடுக்குக்கு மெரினோ கம்பளியே சிறந்தது, பாலியெஸ்டர் விரைவில் உலர்ந்தாலும் நாற்றம் பிடிக்கும். பருத்தி கூடாது. நடு அடுக்கு மெல்லிய ஃபிளீஸ். வெளி அடுக்கு மார்பில் காற்றைத் தடுக்க வேண்டும், முதுகில் விட வேண்டும். அக்குளில் ஜிப் இருப்பது நல்லது.

கையும் காலும்: பிரேக்கை ஒற்றை விரலால் இழுப்பதால் தடித்த கையுறை ஆபத்து. அலாஸ்காவில் 1987இல் தொடங்கிய பனிப் பந்தயங்களின் மரபில் வந்தவர்கள் கைப்பிடியையே பெரிய உறையால் மூடி, உள்ளே மெல்லிய கையுறையுடன் ஓட்டுகிறார்கள். மிதிகட்டையில் பூட்டுவதற்காகக் காலணியின் அடியில் உள்ள உலோகக் கொக்கி சூட்டைக் கடத்தும். குளிருக்கு அஞ்சி இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் முன்னிலும் விரைவாக மரத்துப்போகும். ஓர் அளவு பெரிய காலணியே தீர்வு.

இன்று மின்கலத்தால் சூடேறும் கையுறைகளும் காலுறைகளும் விற்கப்படுகின்றன.

புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். உச்சியில் மாற்றிக்கொள்ள உலர்ந்த உள்ளாடை ஒன்றைப் பையில் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.