'குட்' என்றால் நல்லதா? புளூகிராஸ் இசைத்தட்டுகள் சொல்லும் வரலாறு

ஆசிரியர்களாகிய நாம் வருடம் முழுவதும் புள்ளி போடுகிறோம். கொப்பியில் 'நன்று' என்று எழுதினால் பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குப் போகும். ஆனால் 'குட்' என்ற சொல்லைக் கண்டதும் வாங்க வந்தவர் பின்வாங்கும் சந்தை ஒன்றும் இருக்கிறது. அது அமெரிக்காவின் பழைய இசைத்தட்டுச் சந்தை. அதிலும் புளூகிராஸ் தட்டுகளின் கதை நாம் அறிய வேண்டியது.

புளூகிராஸ் என்பது அமெரிக்கத் தென்பகுதி மலைநாட்டு மக்களின் பாட்டிலிருந்து வளர்ந்த இசை. பான்ஜோ, பிடில், மன்டோலின், கிட்டார், பேஸ் ஆகிய கம்பி வாத்தியங்களே இதில் பிரதானம். கென்டக்கியின் ரோசின் எனும் சிற்றூரில் 1911இல் பிறந்தவர் பில் மன்றோ. அவருடைய 'புளூ கிராஸ் போய்ஸ்' குழுவின் பெயரே இந்த இசைக்கும் பெயரானது. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் பான்ஜோ வாசிக்க, லெஸ்டர் ஃப்ளாட் பாட, 1946 செப்டம்பரில் சிக்காகோவில் அக்குழு கொலம்பியா கம்பனிக்காகச் செய்த ஒலிப்பதிவுகளே இவ்விசையின் அத்திவாரம் எனப் பலரும் கொள்கின்றனர்.

அந்தக் காலத் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை. கைதவறி விழுந்தால் உடைந்துவிடும். 1948இல் கொலம்பியா வைனில் எல்பி தட்டை அறிமுகம் செய்தது. ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ் இருவரும் அதே ஆண்டில் மன்றோவை விட்டுப் பிரிந்தனர். அவர்களின் 'ஃபொகி மவுன்டன் ஜம்போரி' எல்பி 1957இல் வந்தது. அதன் முதற்பதிப்பை அறிய, நடு லேபலில் கண் போன்ற ஆறு சின்னங்கள் உண்டா என்று பார்ப்பார்கள்.

இத்தட்டுகளைத் தேடியவர்கள் நாடெங்கும் சிதறியிருந்தார்கள். வியாபாரம் தபாலில் நடந்தது. பொருளைக் கண்ணால் பார்க்காமல் காசை அனுப்ப வேண்டும். ஆகவே எல்லோருக்கும் ஒரே பொருள் தரும் சொற்கள் தேவைப்பட்டன. 1974இல் தொடங்கிய 'கோல்ட்மைன்' சஞ்சிகையின் தரவரிசை அப்படித்தான் பரவியது. 'மின்ட்' என்றால் மாசே இல்லாதது. பல வியாபாரிகள் அந்தத் தரத்தைக் கொடுப்பதே இல்லை. 'நியர் மின்ட்' உடன் நிறுத்திக்கொள்வார்கள். அதன் விலையில் ஏறத்தாழ பாதிதான் 'வெரி குட் பிளஸ்' தட்டுக்கு. 'வெரி குட்' என்றால் கால்வாசி. 'குட்' என்றால் 10 முதல் 15 வீதம் மட்டுமே: பாட்டு ஓடும், ஆனால் இரைச்சலும் கீறல்களும் தாராளம். கடைசியில் 'புவர்'. இன்று இணையத்தில் விற்கும் டிஸ்கொக்ஸ் தளமும் இந்த அளவுகோலையே பின்பற்றுகிறது.

தரம் பார்ப்பவர் தட்டை விளிம்பில் பிடித்து, பலமான வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார். நகத்தில் தட்டுப்படும் கீறல் ஊசியிலும் தட்டுப்படும். பளபளப்பான தட்டும் கனத்த ஊசியால் உள்ளே தேய்ந்திருக்கலாம். அதனால் போட்டுக் கேட்காமல் தரம் சொன்னால், 'பார்த்து மட்டும் சொன்னது' என எழுதிவிடுவது நேர்மை. உறையின் கிழிசலையும் தனியாக எழுத வேண்டும். விற்பவர் ஒரு படி கூட்டி எழுதினால், தூரத்தில் இருப்பவரின் காசு அநியாயமாகப் போகும். அடுத்த முறை யாரும் அவரை நம்பமாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனிப்போம். தரம் அளப்பது தட்டின் உடம்பை. அதனுள் இருக்கும் இசையை அல்ல. நியூயோர்க்கைச் சேர்ந்த சேகரிப்பாளர் டேவிட் ஃப்ரீமன் 1960களில் 'கவுன்டி' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, புளூகிராஸுக்கு முந்திய மலைநாட்டுப் பிடில் இசையை எல்பிகளாக மறுபடி வெளியிட்டார். பெரிய கம்பனிகள் கைவிட்ட அந்த இசை, மீண்டும் வெளிவரும் வரை உயிரோடு இருந்தது சேகரிப்பாளர்கள் காத்துவைத்த பழைய தட்டுகளில்தான். தேய்ந்துவிட்டது என்று அவற்றைக் குப்பையில் போட்டிருந்தால் ஒரு சமூகத்தின் குரலே போயிருக்கும்.

ஆகவே ஒரு பழைய பொருளைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கப் பழகுவோம். இது எவ்வளவு தேய்ந்திருக்கிறது? இதில் இருப்பது வேறு எங்காவது இருக்கிறதா? முதலாவதற்கு ஒளிக்காமல் பதில் சொல்வோம். இரண்டாவதற்குப் பதில் தெரியும் வரை, எதையும் வீசாமல் இருப்போம்.