லைப்சிக்கின் மூணு டீமும் ஒரு கேள்வியும்

"லைப்சிக்ல படிக்கிறேன்"னு சொன்னா போதும், ஊர்ல இருக்கற சித்தப்பா பையன் கேக்கற முதல் கேள்வி: "அப்ப ஆர்.பி. லைப்சிக் மேட்ச்செல்லாம் நேர்ல பாப்பியாண்ணா?" பாத்திருக்கேன் தம்பி. ஆனா "உங்க டீம் எது?"ன்னு இந்த ஊர்லயே பொறந்து வளந்த ஒரு அறுபது வயசுக்காரர்கிட்ட கேட்டா, பெரும்பாலும் வேற பதில்தான் வரும். சிலர் "லோக்"ம்பாங்க. சிலர் "கெமி"ம்பாங்க. 2019-ல இருந்து 2025 வரைக்கும் ரெண்டும் ஆடினது நாலாம் டிவிஷன்ல!

ஐரோப்பாவோட பெரிய கோப்பைல ஆடின டீமை உள்ளூர்லயே வெச்சிக்கிட்டு, நாலாம் டிவிஷனுக்கு எதுக்குய்யா உசிரை விடறீங்கன்னு கொஞ்சம் தோண்டினேன். நூத்திருபது வருஷ சரித்திரம் வெளிய வந்துச்சு. "ஒரு டீம் யாருக்குச் சொந்தம்?"ங்கற கேள்வியோட இந்த ஊர் திரும்பத் திரும்ப மல்லுக்கட்டியிருக்கு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க மக்கா :-)

கொசுவத்தி சுருள் 1: முதல் சாம்பியன்

ஜெர்மன் கால்பந்து சங்கம் பிறந்தது பெர்லின்லயும் இல்ல, மியூனிக்லயும் இல்ல. 1900 ஜனவரி 28, லைப்சிக்ல 'மரியன்கார்ட்டன்'ங்கற ஒரு உணவு விடுதில 86 கிளப்புகளோட பிரதிநிதிகள் கூடி ஆரம்பிச்சாங்க.

மூணு வருஷம் கழிச்சு, 1903-ல, முதல் தேசிய சாம்பியன் போட்டி. அந்தப் போட்டி நடந்த லட்சணத்தைக் கேட்டா நம்ம ஊர் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் எவ்வளவோ தேவலாம்னு தோணும். அரையிறுதில கார்ல்ஸ்ரூஹே டீமும் பிராக் டீமும் மோதணும். (பிராக் அப்ப ஆஸ்திரியா-ஹங்கேரில இருந்துச்சு, ஆனா அங்க இருந்த ஜெர்மன் கிளப்பும் இந்தச் சங்கத்துல சேத்தி.) "போட்டி தள்ளி வைக்கப்பட்டது"ன்னு கார்ல்ஸ்ரூஹேக்கு ஒரு தந்தி. அதை நம்பி அவங்க கிளம்பவே இல்ல. தந்தி போலி! வராத டீமைத் தூக்கிட்டாங்க, பிராக் அரையிறுதி ஆடாமலே ஃபைனலுக்குப் போயிடுச்சு. ஃபைனல் அன்னிக்கு ஹாம்பர்க் பக்கத்துல அல்டோனா மைதானத்துல இன்னொரு கூத்து: ஆடறதுக்கு உருப்படியா ஒரு பந்து இல்ல. தேடிப் பிடிச்சு, லேட்டாத்தான் ஆட்டம் தொடங்குச்சு.

அந்த ஃபைனல்ல பிராக்கை 7-2ன்னு அடிச்சுத் துவைச்சு ஜெர்மனியோட முதல் சாம்பியன் ஆனது வி.எஃப்.பி. லைப்சிக். அப்புறம் 1906, 1913னு இன்னும் ரெண்டு தடவை. பின்னாடி நாலாம் டிவிஷன்ல தேடவேண்டியதாப் போன 'லோக்'கோட மூதாதை இவங்கதான்.

சர்க்கார் எடுத்த டீம்

1945-ல போர் முடிஞ்சதும் ஜெயிச்ச நாடுகள் பழைய கிளப்புகளை எல்லாம் கலைச்சாங்க. மேற்கு ஜெர்மனில பழைய பேருங்க சீக்கிரமே திரும்பிடுச்சு. கிழக்குல, லைப்சிக் இருந்த பக்கம், அது நடக்கல. அங்க டீம்னா தொழிற்சாலையோட டீம், துறையோட டீம்.

பேரைப் பாத்தாலே யார் படியளக்கறாங்கன்னு தெரிஞ்சிடும். லோக்கமோட்டிவ்னா ரயில்வே. கெமின்னா ரசாயனத் தொழிற்சாலை. டர்பைன்னா மின்சாரம். ரொட்டேஷன்னா அச்சகம், பத்திரிகை. ஃபோர்வெர்ட்ஸ்னா ராணுவம். டைனமோன்னா போலீசும் உளவுத்துறையும். நம்மாளுங்களுக்கு இது சட்டுனு புரியும். சென்னை கால்பந்து லீக்ல ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ்னு டீம் ஆடினதைப் பாத்தவங்கதானே நாம! ஒரே வித்தியாசம், இங்க கட்சி நினைச்சா டீமையே ஊர் விட்டு ஊர் மாத்தும். லைப்சிக்ல இருந்த ராணுவ டீமை 1953-ல அப்படியே தூக்கி பெர்லினுக்குக் கொண்டு போனாங்க. 1951-ல கிழக்கு ஜெர்மன் சாம்பியனான கெமியை 1954-ல கலைச்சு, ஆட்களைப் புதுசா ஆரம்பிச்ச எஸ்.சி. லோக்கமோட்டிவ்ல சேத்தாங்க. ரசிகன்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

ஆனா கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல. போர்ல இடிஞ்ச கட்டடங்களோட கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கி, ஒரு லட்சம் பேர் உக்காரற சென்ட்ரல் ஸ்டேடியம் 1956-ல திறந்தாங்க. அந்த வருஷம் செப்டம்பர்லயே ரொட்டேஷனும் லோக்கமோட்டிவும் மோதின உள்ளூர் ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர். ஜெர்மன் லீக் ஆட்டங்கள்ல அதுதான் சாதனைக் கூட்டம்.

மிச்சம் மீதி ஜெயிச்ச கதை

இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 1963-ல அதிகாரிகள் ஒரு முடிவு எடுத்தாங்க. லைப்சிக்ல ரெண்டு டீம் இருக்கறதால பலம் சிதறுது, நல்ல ஆட்டக்காரங்களைப் பொறுக்கி ஒரே டீம்ல போடுவோம். அதுக்குப் பேர் எஸ்.சி. லைப்சிக். பொறுக்கினது போக மிச்சம் இருந்தவங்களை ஊர் மேற்கு ஓரம் லாய்ட்ஷ்ங்கற பேட்டைக்கு அனுப்பி, பழைய கெமி பேரை மறுபடி ஒட்டினாங்க. ஊரே அவங்களுக்கு வெச்ச பட்டப்பேரு "லைப்சிக்கின் மிச்சம்".

அந்த மிச்சத்துக்குக் கோச் ஆல்ஃபிரெட் குன்ஸே. நட்சத்திரம்னு யாரும் இல்லாத டீமை வெச்சு மனுஷன் கட்டுக்கோப்பா ஆட வெச்சார். 1964 மே 10, எர்ஃபுர்ட்ல கடைசி ஆட்டம். கெமி 2-0ன்னு ஜெயிச்சு, 1963-64 சீசனோட கிழக்கு ஜெர்மன் சாம்பியன்! பொறுக்கி எடுத்த எஸ்.சி. லைப்சிக் மூணாவது இடம். சும்மா ஒரு சினிமாக்காரன் எழுதியிருந்தா "ஓவரா இருக்கு சார்"னு சொல்லியிருப்போம்.

கெமி மைதானத்துக்கு 1992-ல ஆல்ஃபிரெட் குன்ஸே பேரையே வெச்சுட்டாங்க. நான் போறதும் அங்கதான். பக்கத்துல மரங்கள், பழைய மர பெஞ்சு, கைல சாசேஜ் ரொட்டி. ஒரு தாத்தா 1964 கதையை நேத்து நடந்த மாதிரி சொல்வார். எத்தனாவது தடவை சொல்றார்னு அவருக்கும் கவலை இல்ல, எனக்கும் கவலை இல்ல.

ஏதென்ஸ் வரைக்கும்

பொறுக்கி எடுத்த டீம் என்னாச்சு? 1966 ஜனவரில அதுல இருந்து பிரிஞ்சு வந்ததுதான் 1. எஃப்.சி. லோக்கமோட்டிவ், சுருக்கமா லோக். தெற்குல ப்ரோப்ஸ்ட்ஹைடாங்கற பேட்டை, வி.எஃப்.பி. 1922-ல கட்டின அதே மைதானம்.

லோக்கோட பெரிய எதிரி கெமி மட்டும் இல்ல, பெர்லின் டைனமோவும்தான். உளவுத்துறைத் தலைவர் எரிஷ் மீல்கே செல்லம் கொடுத்து வளத்த டீம். 1979-ல இருந்து 1988 வரை தொடர்ந்து பத்து தடவை சாம்பியன்! 1986 மார்ச் 22, லைப்சிக்ல லோக் 1-0 முன்னிலை. ஆட்டம் முடியற நேரமும் தாண்டி 95-வது நிமிஷத்துல டைனமோவுக்கு ஒரு பெனால்டி. 1-1. ஊரே கொதிச்சுது. எதிர்ப்பு அடங்காததால ரெஃப்ரிக்குத் தடை போட வேண்டியதாப் போச்சு. ஆனாலும் கோப்பை டைனமோவுக்கு, லோக்குக்கு ரெண்டாம் இடம்.

அடுத்த வருஷம் லோக் ஐரோப்பாவையே திரும்பிப் பாக்க வெச்சுது. 1987 ஏப்ரல் 22, கப் வின்னர்ஸ் கோப்பை அரையிறுதி, எதிர்ல பிரான்சோட போர்தோ. ஆட்டம் பெனால்டிக்குப் போய், வெற்றி பெனால்டியை அடிச்சது கோல்கீப்பர் ரெனே முல்லர்! மே 13, ஏதென்ஸ்ல ஃபைனல். எதிர்ல யோஹான் க்ரைஃப் பயிற்சில அயாக்ஸ். மார்கோ வான் பாஸ்டன் தலையால முட்டின ஒரே கோல்ல லோக் தோத்துது. ஆனா அரையிறுதி அன்னிக்கு மைதானத்துல இருந்தேன்னு சொல்றவங்க எண்ணிக்கை வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுது :-)

சுவர் விழுந்தப்புறம்

1989 அக்டோபர் 9, இதே லைப்சிக் தெருவுல 70,000 பேர் ஊர்வலம் போனாங்க. ஒரு மாசத்துல பெர்லின் சுவர் திறந்துச்சு. சுதந்திரம் வந்துச்சு. கூடவே காசு இல்லாத நிலைமையும் வந்துச்சு. நல்ல ஆட்டக்காரங்களை எல்லாம் மேற்கு ஜெர்மன் கிளப்புகள் அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஆட்டத்தைச் சுத்தி அடிதடி வேற. 1990 நவம்பர் 3, லாய்ட்ஷ்ல போலீஸ் சுட்டதுல பெர்லின்ல இருந்து வந்த 18 வயசு ரசிகர் ஒருத்தர் செத்தே போனார்.

லோக் 1991-ல பழைய வி.எஃப்.பி. பேருக்குத் திரும்பி, 1993-ல புண்டஸ்லிகா வரைக்கும் ஏறி, ஒரே சீசன்ல கடைசி இடம் பிடிச்சு இறங்குச்சு. அப்புறம் கடன். 2004-ல கிளப்பே மூடியாச்சு. கெமி வழில வந்த எஃப்.சி. சாக்சன் கதையும் 2011-ல அப்படியே முடிஞ்சுது.

இங்கதான் ரசிகர்கள் வேலையைக் காமிச்சாங்க. லோக் ரசிகர்கள் 2003 டிசம்பர்லயே பழைய பேர்ல புதுசா கிளப்பைப் பதிவு பண்ணிட்டாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கணும்? பதினோராவது டிவிஷன்! சாதாரணமா பத்து நாப்பது பேர் பாக்கற ஆட்டம். ஆனா 2004 அக்டோபர்ல, உலகக் கோப்பைக்காகப் புதுசாக் கட்டின சென்ட்ரல் ஸ்டேடியத்துல, பக்கத்து கிராமத்தோட ரெண்டாம் நிலை டீமோட லோக் ஆடினப்ப வந்த கூட்டம் 12,421. கெமி ரசிகர்களும் சும்மா இல்ல, தங்களுக்குன்னு கிளப்பை எழுப்பி 2008-ல இருந்து அடிமட்டத்துல ஆடி ஏறி வந்தாங்க.

எருது வந்த கதை

கடைசில ஆர்.பி. ஆஸ்திரியாவோட ரெட் புல் கம்பெனி 2006-லயே எஃப்.சி. சாக்சனை வாங்கப் பாத்துச்சு. ரசிகர்கள் எதிர்ப்பு, சங்கத்தோட தடை, ரெண்டும் சேந்து நடக்கல. 2009-ல பக்கத்துல இருக்கற மார்க்ரான்ஷ்டெட்ங்கற சின்ன ஊர் கிளப்போட ஐந்தாம் டிவிஷன் இடத்தை வாங்கிட்டாங்க. கிளப் பேர்ல கம்பெனி பேர் வரக்கூடாதுன்னு விதி. அதனால ஆர்.பி.க்கு விரிவு 'ராசன்பால்ஷ்போர்ட்'. அதாவது புல்தரைப் பந்தாட்டம். (தமிழ்ல மட்டும்தான் இந்தப் பேர்ல 'புல்' திரும்ப வந்துடுது, ஹிஹி.)

ஜெர்மனில கிளப்போட ஓட்டுல பாதிக்கு மேல உறுப்பினர்கள்கிட்டதான் இருக்கணும்னு 1998-ல இருந்து விதி. பயர்ன் மியூனிக்ல 3 லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள். ஆர்.பி.ல ஓட்டுரிமை உள்ளவங்க பல வருஷம் இருபது சொச்சத்தைத் தாண்டல. விதியை மீறல, வளைச்சுட்டாங்க. 2016-ல புண்டஸ்லிகா, 2020-ல சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, 2022-லயும் 2023-லயும் ஜெர்மன் கோப்பை.

லாய்ட்ஷ் தாத்தாவுக்கு இதுல ஆச்சரியமே இல்ல. 1954-ல கட்சி, 2009-ல கம்பெனி, அவ்ளோதான் வித்தியாசம்ங்கறார்.

நான் உடனே தலையாட்ட முடியல. ஏன்னா நான் சி.எஸ்.கே. ரசிகன். 2008-ல ஏலத்துல ஒரு சிமெண்ட் கம்பெனி 9.1 கோடி டாலருக்கு வாங்கின டீம் அது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி கிளப்புகள் மோதின காலத்துல இருந்து வந்த உள்ளூர்க் கிரிக்கெட்டுக்கு அதுல பங்கு கிடையாது. ஆனா ரெண்டு வருஷத் தடைக்கு அப்புறம் 2018-ல ஆட்டங்களை புனேக்கு மாத்தினப்ப, தனி ரயில் பிடிச்சு விசில் அடிச்சிட்டே போனாங்களே, அந்தப் பாசம் பொய்யா? கம்பெனி வாங்கினது உரிமத்தை. பாசம் தானா வந்துச்சு. ஆர்.பி. ஆட்டத்துக்கு அப்பா தோள்ல உக்காந்து வர்ற குழந்தைக்கு 2009 பத்தி என்ன தெரியும்? அதுக்கு அதுதான் ஊர் டீம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. நான் கறுப்பா இருக்கேன். 2006 பிப்ரவரில லோக் ரசிகர்கள்ல ஒரு கும்பல் இளைஞர் ஆட்டத்துல மனுஷங்களாலயே ஸ்வஸ்திகா உருவம் அமைச்சு நின்னாங்க. அதுக்கு அடுத்த மாசம் ஹாலே ஊர்ல, எஃப்.சி. சாக்சனோட நைஜீரிய ஆட்டக்காரர் அடபோவாலே ஒகுங்புரே மேல பார்வையாளர்கள் எச்சில் துப்பி, குரங்கு சத்தம் போட்டாங்க. அவர் கோவத்துல ஹிட்லர் மாதிரி செஞ்சு காட்ட, போலீஸ் அவர் மேலயே விசாரணை தொடங்கி அப்புறம் கைவிட்டுச்சு! ஊர்ப் பாசம், பழைய பெருமைன்னு நெகிழும்போது, அந்தப் பாசத்துல என்னை மாதிரி ஆளுக்கு இடம் இருக்கான்னும் பாக்கணும்ல. ஆர்.பி. ஸ்டேடியத்துல நான் வெறும் டிக்கெட் வாங்கினவன், யாரும் ஏன்னு கேக்கல. லாய்ட்ஷ்லயோ, இனவெறிக்கு எதிரான பேனரைக் கட்டறதும் ரசிகர்கள், டிக்கெட் கிழிக்கறதும் ரசிகர்கள், "மழை வருது, உள்ள தள்ளி உக்காரு"ன்னு சொன்னதும் ரசிகர்கள்தான்.

அதனால என் ஓட்டு கெமிக்கு. ஆர்.பி. டிவில வந்தா பாப்பேன், திட்ட மாட்டேன். லோக்? 2020-லயும் 2025-லயும் லீக்ல முதல் இடம் வந்தும், மேல ஏறறதுக்கான பிளே-ஆஃப்ல ரெண்டு தடவையும் கோட்டை விட்டாங்க. கெமி ரசிகனா எனக்குச் சிரிப்பு வரணும். வரலைங்க, பாவமா இருந்துச்சு. (தாத்தாகிட்ட போட்டுக் குடுத்துடாதீங்க!)

உங்க ஊர்ல இப்படி பேர் மாறி, கம்பெனி மாறி, இன்னும் யாரோ நாலு பேர் விடாம பாத்துக்கிட்டிருக்கற டீம் எது? கோயம்புத்தூர், யாழ்ப்பாணம், பினாங்கு, எங்க இருந்தாலும் சரி, பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.