செயப்படுபொருளைத் தேடிய வகுப்பறைகள்

வினையின் பயன் அதைச் செய்பவரோடு நின்றுவிடுகிறதா, வேறொரு பொருளைச் சென்று சேர்கிறதா என்று பார்த்து வினைகளை இரண்டாகப் பிரிக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. 'உறங்கினான்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. 'மரத்தை வெட்டினான்' என்பதில் வருவது குன்றாத வினை. வடமொழி இலக்கணத்தார் இவற்றை அகர்மகம், சகர்மகம் என்றனர். ஆங்கிலத்தில் இவை இன்டிரான்சிடிவ், டிரான்சிடிவ். ஆகவே 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் பட்டணத்தில் ஆங்கிலக் கல்வி பரவியபோது மாணவர்க்கு இந்தப் பாகுபாடு அயலாக இருந்திருக்க முடியாது. அயலாக இருந்தது, அதை ஆங்கிலச் சொற்றொடரில் எங்கே தேடுவது என்பதே.

1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பள்ளி வளர்ந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியானது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் மெட்ரிக்குலேஷன் தேர்வு ஆங்கில இலக்கணப் பயிற்சிக்குப் புதிய கட்டாயத்தைத் தந்தது. அக்கால இலக்கணங்களில் கலைச்சொற்களே நிலைபெற்றிருக்கவில்லை. 1795இல் வெளிவந்து நெடுங்காலம் செல்வாக்குடன் விளங்கிய லிண்ட்லி மர்ரேயின் நூல், குன்றாத வினையை 'ஆக்டிவ்' என்றும் குன்றிய வினையை 'நியூட்டர்' என்றும் வகுத்தது. இந்தப் பெயர்கள் பின்னர் இன்டிரான்சிடிவ், டிரான்சிடிவ் என மாறியதன் தடயத்தை ஆங்கிலப் பாடநூல்களைவிடத் தமிழ் அகராதிகளில் தெளிவாகக் காணலாம் என்பது சுவையானது. 1862இல் வெளிவந்த வின்ஸ்லோவின் தமிழ் - ஆங்கில அகராதி தமிழ் வினைகளுக்கு அந்தப் பழைய நியூட்டர், ஆக்டிவ் குறிகளையே இட்டது. 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோ 'உடைதல்' என்பதற்கு இன்டிரான்சிடிவ் குறியையும், 'உடைத்தல்' என்பதற்கு டிரான்சிடிவ் குறியையும் தனித்தனியே இட்டது.

அந்தத் தனித்தனிப் பதிவுகளிலேயே சிக்கலின் வேர் இருக்கிறது. தமிழில் இந்த வேறுபாடு பெரும்பாலும் வினையின் வடிவிலேயே தெரிந்துவிடும்: பானை உடைந்தது, பானையை உடைத்தான், தேர் ஓடியது, தேரை ஓட்டினான், ரயில் நின்றது, ஓட்டுநர் ரயிலை நிறுத்தினார். ஆங்கிலத்தில் 'பிரேக்', 'ஸ்டாப்' ஆகிய சொற்கள் வடிவம் மாறாமல் இரண்டு வேலைகளையும் செய்கின்றன. வினைக்குப் பின்னால் பெயர் வருகிறதா என்பதை வைத்துத்தான் வகை தெரியும். ஆசிரியர்கள் இதற்குக் கைக்கொண்ட உத்தி, வினையை நோக்கி 'யாரை?', 'எதை?' என்று கேட்பது. இரண்டாம் வேற்றுமையில் பழகிய மாணவனுக்கு இது எளிய வழிதான். ஆனால் இதைத் தன்வினை, பிறவினைப் பாடத்தோடு கலந்துவிட்டால் குழப்பம் வரும்: 'உண்டான்' தன்வினைதான், எனினும் 'சோற்றை' என்ற செயப்படுபொருளை ஏற்கிறது.

வேற்றுமை உருபுகளால் வரும் தவறுகளுக்கு எடுத்துக்காட்டைச் சென்னையின் ரயில் தடத்திலிருந்தே எடுக்கலாம். 1931இல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்துவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்தை அடுத்த சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1856இல் தொடங்கி, பின்னர் சைதாப்பேட்டையில் நிலைகொண்ட அரசு ஆசிரியர் கல்லூரி அதே தடத்தில்தான் இருந்தது. ஆங்கில இலக்கணம் கற்பிப்போரும் கற்போரும் நாள்தோறும் போய்வந்த இந்தத் தடமே பாடத்துக்கு எடுத்துக்காட்டும் தரும். 'தாம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தான்' என்று எண்ணும் மாணவன் ஆங்கிலத்தில் 'ரீச்டு' என்பதோடு 'டு' சேர்க்கிறான். 'தாம்பரத்தை அடைந்தான்' என்று எண்ணியிருந்தால் தப்பித்திருப்பான். 'பாட்டைக் கேட்டான்' என்பதன் பழக்கத்தில் 'லிசன்' என்ற குன்றிய வினைக்குப் பின் வேண்டிய 'டு' காணாமற்போகிறது. 'பற்றிப் பேசினார்கள்' என்பது 'டிஸ்கஸ்' என்ற குன்றாத வினைக்குப் பின் வேண்டாத 'அபௌட்' ஆகிறது. தேர்வுத்தாள்களில் சிவப்பு மை வாங்கிய இவற்றுள் பல, சோம்பலின் விளைவு அல்ல. தாய்மொழியின் வேற்றுமை உருபுகள் செய்த ஒழுங்கான வேலை.

நெஸ்ஃபீல்டு, பின்னர் ரென் - மார்ட்டின் ஆகியோரின் ஆங்கில இலக்கண நூல்கள் குன்றிய வினை, குன்றாத வினை என்ற பாகுபாட்டை வரையறையும் பயிற்சியுமாக இந்தியப் பள்ளிகளில் நிலைநிறுத்தின. வரையறையை ஒப்பித்தவன் வாக்கியத்தில் தவறினான் என்ற குறை வலுத்தபோது, 1950களில் சென்னை மாநிலம் அமைப்புமுறைக் கல்விக்கு, அதாவது இலக்கணப் பெயர்களைச் சொல்லாமல் வாக்கிய வார்ப்புகளைத் திரும்பத் திரும்பப் பழக்கும் முறைக்கு, மாறியது. பயிற்சி பெற்ற ஆசிரியர் பிற ஆசிரியர்க்குப் பயிற்சி தரும் ஏற்பாடு, உருள உருளப் பெருக்கும் என்ற நம்பிக்கையால் 'பனிப்பந்து' எனப்பட்டது. பனியே விழாத ஊருக்கு விந்தையான பெயர்தான். 1979இல் மொழிக்கல்வி ஆய்வாளர் என். எஸ். பிரபு பெங்களூரில் தொடங்கி, சென்னையிலும் நடத்திய ஆய்வுத் திட்டம் இன்னும் ஒரு படி போய், வார்ப்புப் பயிற்சியையும் விலக்கி, வரைபடம் பார்த்தல், கால அட்டவணை படித்தல் போன்ற செயல்களின் வழியே மொழி தானாகப் படியும் என்று கருதியது. எனினும் 'யாரை, எதை' என்ற கேள்வி வகுப்பறையை விட்டுப் போய்விடவில்லை. செயப்பாட்டுவினையாக மாற்றும் பயிற்சிக்குச் செயப்படுபொருள் இல்லாமல் முடியாது என்பதால், தேர்வு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.