மாண்ட கொடியின் வழித்தோன்றல்கள்

பீர் காய்ச்சுவோர் பார்லி, நீர், ஹாப் ஆகிய மூன்றை மட்டுமே சேர்க்க வேண்டும் என்று 1516-ஆம் ஆண்டில் பவேரியாவில் ஒரு சட்டம் பிறந்தது. பார்லியை நீங்கள் அறிவீர்கள். ஹாப் என்பது என்ன?

அது கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியின் கூம்பு போன்ற பூங்கொத்துகளில் மஞ்சள் நிறப் பிசின் சுரக்கிறது. பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது இப்பிசினே. பீரைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றைத் தடுப்பதும் இதுவே.

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963-இல் நீங்கியது. கொல்லையில் ஹாப் வளர்க்க விரும்புவோர் எந்த வகையை நடுவது? விதையை நட்டால் தாயைப் போன்ற கொடி கிடைப்பதில்லை. ஆகவே வேர்த்தண்டைத் துண்டு செய்து நடுகிறார்கள். அப்படியானால், ஒரு வகையைச் சேர்ந்த கொடிகள் எல்லாம் ஒரே கொடியின் துண்டுகளே அல்லவா? அந்த முதற்கொடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஆங்கிலேயர் நெடுங்காலம் போற்றிய கோல்டிங், ஃபக்கிள் வகைகளுக்கு மணம் உண்டு, கசப்பு குறைவு. அமெரிக்கக் கொடிகளில் பிசின் மிகுதி. மணமோ ஆங்கிலேயருக்குப் பிடிக்கவில்லை. இரண்டின் நற்பண்புகளையும் ஒரே கொடியில் இணைக்க முயன்றார், கென்ட் மாவட்டத்து வை கல்லூரிப் பேராசிரியர் ஏர்னஸ்ட் சால்மன். கனடாவின் மானிடோபாவில், மார்டன் என்ற ஊரில் காடாக வளர்ந்த கொடியின் துண்டு 1916-இல் அவருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் பி.பி.1.

அக்கொடி நீடித்து வாழவில்லை. 1918-19 குளிர்காலத்தில் மாண்டுவிட்டது. நல்லவேளையாக, 1918-லேயே சால்மன் அதன் விதைகளைச் சேகரித்திருந்தார். அவ்விதைகளில் ஒன்றிலிருந்து வந்ததுதான் 1934-இல் வெளியான ‘புரூவர்ஸ் கோல்டு’. அதன் கருந்திராட்சை மணத்தை அக்காலத்தில் பலர் குறையாகவே கருதினர். ஆயினும் அதன் கசப்பு வளம் பயிர்ப்பெருக்கவியலாருக்குப் பெரிதும் உதவிற்று. இன்று உலகில் பயிராகும் கசப்பு மிகுந்த ஹாப் வகைகளிற் பெரும்பாலானவற்றின் முன்னோர் பட்டியலில் பி.பி.1 இடம்பெறுகிறது. அன்று குறையாகத் தோன்றிய பழமணத்தையே இன்று பலர் விரும்பித் தேடுகின்றனர்!

எனவே கொல்லையில் நடுபவர் முதலில் இரண்டைத் தீர்மானிக்க வேண்டும். மென்மையான மணம் வேண்டுமா? ஃபக்கிளும் கோல்டிங்கும் பொருந்தும். கசப்பு வேண்டுமா? புரூவர்ஸ் கோல்டு உண்டு. ஆனால் இவை 5 மீட்டருக்கு மேல் ஏறக்கூடியவை. உயரமான கம்பும் கயிறும் தேவை. இடம் குறைவானால், 1990-களில் வை கல்லூரியிலேயே உருவான ‘ஃபர்ஸ்ட் கோல்டு’ என்னும் குட்டை வகை உதவும். எதுவாயினும் பெண் கொடியாக இருத்தல் வேண்டும்.

ஒரு பிடி விதையைச் சேகரிக்க ஓர் ஆண்டு தாமதித்திருந்தால், இவ்வழித்தோன்றல்களில் ஒன்றும் இன்று இல்லை. காட்டுச் செடி ஒன்றை ‘உதவாதது’ என்று ஒதுக்குமுன் இதனை நாம் நினைத்துக்கொள்வது நல்லது.